வலை இழுக்கிற கைக்கு உடற்பயிற்சி எதற்கு?

காட்டுப்பள்ளிப் பக்கம் ஐம்பது வயது மீனவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முழங்கையில் பல வருடங்களாகச் செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ். இப்போது விரல் ஒன்று முழுசாக வீங்கியிருக்கிறது, குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. அவரிடம் போய் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்றால் என்ன சொல்வார்? "ராத்திரியெல்லாம் வலை இழுக்கிறவனுக்கு இதுக்கு மேல என்னய்யா எக்சர்சைஸ்?"

நியாயமான கேள்விதான். ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு.

முதலில் நோயைப் பார்ப்போம். சொரியாசிஸ் தொட்டால் ஒட்டாது, அது குஷ்டமும் இல்லை (இதை ஊரை நம்ப வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்). அது இருப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மூட்டிலும் இறங்குகிறது. அதற்குப் பெயர் சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்குகிறது. தசைநார் எலும்பில் போய் ஒட்டுகிற இடத்தையும் விடுவதில்லை. குதிகால் வலி அதனால்தான்.

இந்த வலிக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. ஓய்வெடுத்தால் கூடும், அசைந்தால் குறையும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் மூட்டு இறுகிக் கிடக்கும். பழவேற்காடு ஏரியில் 'பாடு' முறை உண்டல்லவா? யார், எந்த இடத்தில், எந்த நாள் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்வது. பாடு வரும் நாளில் மூட்டு தாங்காத அளவு வேலை. பாடு இல்லாத நாளில் வலிக்கிறதே என்று முழுநாளும் படுக்கை. இரண்டுமே இந்த நோய்க்கு ஆகாது.

அதிலும் வலை இழுக்கும்போது விரல்கள் மடங்கியே இருக்கின்றன, விரிவதே இல்லை. பயிற்சி செய்ய வேண்டியது அந்த விடுபட்ட வேலையை. காலையில் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, மெதுவாகப் பத்து முறை மூடித் திறக்கலாம். சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, கெண்டைக்காலை நீட்டலாம். துடுப்பின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் விரலுக்குப் பாரம் குறையும். கயிறு உரசிப் புண்ணாகும் இடத்தில் புதிய படை கிளம்புவதும் உண்டு, அதனால் கையுறை நல்லது.

பணக்கார ஆஸ்பத்திரிகளில் இதற்காக நீச்சல்குளம் கட்டி வைத்திருக்கிறார்கள். இடுப்பளவு நீரில் நின்றால் கால் மூட்டு சுமப்பது உடல் எடையில் பாதிதான். பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழமே சுமார் ஒரு மீட்டர்! அனல்மின் நிலையச் சாம்பல் கலக்கும் எண்ணூர்ப் பக்கத் தண்ணீரை விட்டுவிட்டு, சுத்தமான இடமாகப் பார்த்து நடக்கலாம். தோலில் வெடிப்பு இருந்தால் உப்பு எரியும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவ வேண்டும்.

கடுமையான பயிற்சி நோயைக் கிளப்பிவிடுமோ என்ற பயம் டாக்டர்களுக்கே இருந்தது. நார்வேயில் இந்த நோயாளிகள் 67 பேரை வைத்து ஆய்வு செய்து 2018-ல் வெளியிட்டார்கள். அதில் ஒரு பிரிவினர் 11 வாரம் மூச்சு வாங்க வாங்கப் பயிற்சி செய்தும் நோய் முற்றவில்லை. கோல்ஃப் வீரர் ஃபில் மிக்கெல்சனுக்கு 2010-ல் இதே நோய்தான். 2021-ல் ஐம்பது வயதில் பிஜிஏ சாம்பியன்ஷிப் வென்றார். அவர் ஊசி மருந்தும் எடுத்துக்கொண்டார் என்பதை மறந்துவிடக் கூடாது. மருந்தை நிறுத்திவிட்டுப் பயிற்சி மட்டும் செய்தால் மூட்டு அரிப்பது நிற்காது. சென்னை ராஜீவ்காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே ருமட்டாலஜி துறை இருக்கிறது.

அளவு தெரிய ஒரு வழி: பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேலும் வலி கூடுதலாக இருந்தால், மறுநாள் குறைத்துக்கொள்ள வேண்டும். மூட்டு சிவந்து சுட்டால் மெல்ல அசைப்பது மட்டும் போதும். மீன் பெட்டி ஐஸைத் துண்டில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம். ஐஸுக்கு அங்கே பஞ்சமா என்ன?

2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் சேர்க்கப்பட்டது. அப்படி யாராவது வந்தால், பாடு இல்லாத நாள் எது என்று முதலிலேயே சொல்லி வைத்துவிட வேண்டும்.