ஜவ்வு பிதுங்கினால் ஆபரேஷன்தானா?

உழவர் உதவியகத்துக்கு வருகிறவர்கள் புகையானுக்கு என்ன மருந்து, யூரியா எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள். பேசி முடித்து எழும்போதுதான் இடுப்பில் கை போகும். சம்பா அறுவடை முடிந்ததும் பிள்ளையார்குப்பம் விவசாயி ஒருவர் ஸ்கேன் கவரோடு வந்தார். "ஜவ்வு பிதுங்கியிருக்காம் சார். ஆபரேஷன்னு ஒரு இடத்துல சொல்லிட்டாங்க. அரைக்காணியை அடமானம் வைக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

நான் பயிருக்குப் படித்தவன், உடம்புக்கு அல்ல. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் என் ஸ்கேனிலும் இதே வார்த்தை இருந்தது. அப்போது மருத்துவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. வலியே இல்லாத 50 வயதுக்காரர்களைப் படம் எடுத்தாலும் பாதிப் பேருக்கு மேல் ஜவ்வு பிதுங்கித்தான் இருக்குமாம். பிதுங்கியது பலருக்குச் சில மாதங்களில் தானே சுருங்கியும் விடுகிறது. அடமானத்துக்கு முன் இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள் என்று அவரை ஊரிலேயே இருக்கும் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன். பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். சொர்ணவாரிக்கு அவரே தண்ணீர் கட்டினார். நிலம் அவர் கையில்தான் இருக்கிறது.

நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் உடற்பயிற்சிக்கு இடம் உண்டு. இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுப்பதும் வழக்கமான வைத்தியமாக வேண்டாம் என்கிறது. நம் பக்கத்தில் பெல்ட் தொங்காத வீடு ஏது! பலகையில் மாதக்கணக்காகப் படுப்பதும் தசையைத்தான் தளர்த்தும். இரண்டொரு நாள் ஓய்வு போதும், பிறகு தாங்குகிற அளவுக்கு நடக்க வேண்டும்.

ஆனால் காலையில் பயிற்சி செய்துவிட்டுப் பகல் முழுக்கப் பழையபடி குனிந்தால் என்ன பயன்? 16 லிட்டர் தெளிப்பானை நிரப்பினால் 20 கிலோவுக்குக் குறையாது. 10 லிட்டரோடு நிறுத்துங்கள், கூட இரண்டு நடை ஆகட்டும். பட்டையை இறுக்கி, டேங்க் முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும். பேட்டரி தெளிப்பான் கைக்குத்தான் சுகம், முதுகுக்குப் பாரம் கூடுதல். யூரியா மூட்டையை 2018-இல் 50 கிலோவிலிருந்து 45 ஆகக் குறைத்தார்கள். அதுவும் ஒற்றை ஆள் தூக்குகிற எடை அல்ல.

எனக்குப் பெரிய கவலை பெண்களைப் பற்றித்தான். நடவிலும் களையெடுப்பிலும் நாள் முழுக்கக் குனிபவர்கள் அவர்கள். ஸ்கேன் வரை போகிறவர்களோ பெரும்பாலும் ஆண்கள். வீட்டில் தைலத்தோடு சரி. சதுர நடவு செய்தால் கோனோ வீடரை நின்றபடியே இரண்டு பக்கமும் ஓட்டலாம், வயலில் சீராகக் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். முளைகட்டிய விதையை டிரம் சீடரில் விதைத்தால் நாற்றுப் பறிப்பும் நடவுமே இல்லை. மல்லாட்டைக்கு நீளக் காம்பு களைக்கொத்தி போதும். கையால்தான் எடுக்க வேண்டும் என்றால் அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, இடுப்பில் கை ஊன்றி, ஐந்து முறை பின்னால் சாயச் சொல்லுங்கள். வலி காலுக்கு இறங்கினால் மட்டும் உடனே நிறுத்திவிட வேண்டும். கூலிக்கு ஆள் விட்டிருப்பவர்கள் இதை நேரம் வீணாவதாகப் பார்க்காதீர்கள்.

கழுத்து வலிக்காரர்கள் சும்மாட்டை ஓரம் வைத்துவிட்டு எருவைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகலாம். முடிவெட்டும் கடையில் கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பது வேண்டவே வேண்டாம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும்.

ஆபரேஷனே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, கால் பலமிழந்து செருப்பு கழன்றது கூடத் தெரியாமல் நடந்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கழுத்து வலியோடு சட்டைப் பித்தான் போட விரல் தடுமாறினாலும், வரப்பில் நடை தள்ளாடினாலும், வலியோடு காய்ச்சலோ எடைக்குறைவோ இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. அறுவடை முடியட்டும் என்று காத்திருந்தால் போன பலம் திரும்பாமலே போகலாம்.