நான் மறைத்த கல்வெட்டு

இந்தியக் கடற்படையின் ஒரு போர்க்கப்பலுக்கு, ராஜேந்திர சோழனின் பட்டமான 'கடாரங்கொண்டான்' என்று பெயர் வைக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் மேடை மேடையாகப் பேசியவன் நான். மைசூரிலும் பெங்களூரிலும் தமிழ்ச் சங்க விழா என்றால் ராஜேந்திர சோழனைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிடுவார்கள். அந்தப் பேச்சுகள் எல்லாவற்றிலும் ஒரு கல்வெட்டை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். மறதியால் அல்ல. அதன் வாசகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

வட கர்நாடகத்தில் ஹொட்டூரில் இருக்கிறது அந்தக் கல்வெட்டு. காலம் 1007. சாளுக்கிய அரசன் சத்யாசிரயன் வெட்டுவித்தது. சோழ இளவரசன் ஒன்பது லட்சம் படையோடு வந்து நாட்டைச் சூறையாடினான், பெண்களையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்றான் என்று அது சொல்கிறது. அந்த இளவரசன் ராஜேந்திரன்தான். எதிரி எழுதியது, ஒன்பது லட்சம் என்பது மிகை என்று வாதாடலாம், வாதாடவும் வேண்டும். ஆனால் வாதாடுவதற்கு முதலில் அதைச் சபையில் வைக்க வேண்டும் அல்லவா? நான் வைக்கவே இல்லை. கர்நாடகத்து மண்ணில் நின்றுகொண்டு, கன்னடம் பேசும் அண்டை வீட்டாரும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, ராஜேந்திரனின் கடற்படையை மட்டும் பேசிவிட்டு இறங்கினேன்.

காரணம் கைதட்டல். ராஜேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் ஊர்கள் வரிசையாக வரும்: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், இலாமுரிதேசம், நக்கவாரம், கடைசியில் கடாரம். குரலை ஏற்றிக்கொண்டே போய்க் கடாரத்தில் நிறுத்தினால் மண்டபம் அதிரும். பம்பாயில் வணிகக் கப்பல் அதிகாரிகளைப் பயிற்றுவித்த 'டஃபரின்' கப்பலுக்குப் பதில் 1972இல் வந்த கப்பலுக்கு 'ராஜேந்திரா' என்று பெயர் வைத்தார்களே, பயிற்சிக் கப்பலோடு நிறுத்தலாமா, பீரங்கி தாங்கிய கப்பல் வேண்டாமா என்று கேட்பேன். மீண்டும் அதிரும். அந்த அதிர்வுக்கு நான் அடிமையாகிப் போனேன்.

இதே நான்தான் கர்நாடகத்து மேல்கோட்டையில் தீபாவளி கொண்டாடாத வீட்டில் பிறந்தவன். நாங்கள் மண்டயம் ஐயங்கார், பாரத்வாஜ கோத்திரம். நரக சதுர்த்தசியன்று திப்பு சுல்தானின் ஆட்கள் எங்கள் முன்னோரைக் கொன்றார்கள் என்பது தலைமுறை தலைமுறையாக எங்கள் குடும்பங்களில் சொல்லப்படும் சேதி. ஊரெல்லாம் பட்டாசு வெடிக்க, எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல்கூடக் கிடையாது. ஏன் என்று சிறு வயதில் கேட்டபோது பாட்டி சொன்ன விடை இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

அதனால் பாகிஸ்தான் கடற்படையில் 'திப்பு சுல்தான்' என்று ஒரு கப்பல் இருப்பது தெரிந்தபோது கொதித்துப் போனேன். பிரிட்டனிடமிருந்து 1949இல் வாங்கிய ஒரு நாசகாரிக் கப்பலுக்கும் அந்தப் பெயர். 1994இல் வாங்கிய இன்னொரு போர்க்கப்பலுக்கும் அதே பெயர். எங்கள் ஊரிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் இருக்கிற ஸ்ரீரங்கப்பட்டணத்து அரசனின் பெயரை, எங்கள் வலியை அறியாத ஒரு தேசம் கப்பலில் எழுதி வைத்திருக்கிறதே என்று எழுதினேன்.

2014இல் இன்னும் கடுமையாக எழுதினேன். இந்தோனேசியா தன் கப்பல் ஒன்றுக்கு 'உஸ்மான் ஹாருன்' என்று பெயர் வைத்தது. 1965 மார்ச் 10 அன்று சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையில் மெக்டொனால்டு ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வைத்த இரண்டு கடற்படை வீரர்கள் அவர்கள். மூன்று பேர் இறந்தார்கள், முப்பதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 1968இல் சிங்கப்பூர் இருவரையும் தூக்கிலிட்டது. இந்தோனேசியாவுக்கோ அவர்கள் தேசிய வீரர்கள். அன்றைய சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சர் சண்முகம் தம் கவலையை நேரடியாகத் தெரிவித்தார். அந்தக் கப்பலைத் தங்கள் துறைமுகத்துக்குள் விடமாட்டோம் என்றது சிங்கப்பூர். நட்பு நாட்டின் புண்ணில் ஆணி அடிக்கிறார்கள் என்று நான் எழுதினேன். அந்த வாரமே ஒரு விழாவில் கடாரங்கொண்டானைப் பற்றி முழங்கினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. தள்ளிவிட்டேன்.

2022இல் இலங்கைக் கடற்படை, அமெரிக்கா கொடுத்த ஒரு கப்பலுக்கு 'விஜயபாகு' என்று பெயரிட்டது. பொலன்னறுவையிலிருந்து சோழரை விரட்டியவன் பெயர். இது தமிழரைச் சீண்டும் வேலை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதே பொலன்னறுவையில், புத்தரின் பல் பாதுகாக்கப்பட்ட கோயிலைத் தாங்கள் காப்பதாக வேளைக்காரப் படையினர் தமிழில் வெட்டிவைத்த கல்வெட்டும் இருக்கிறது. அதையும் நான் சொல்லவில்லை.

பிறகு ஒரு பங்குனியில், எங்கள் ஊர் வைரமுடி சேவைக்காக மலேசியாவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் என் பேச்சைக் கேட்டார். கெடா மாநிலத்தில் பிறந்த தமிழர், ஆசிரியை. நாம் கடாரம் என்கிறோமே, அந்தக் கெடாதான். பேச்சு முடிந்து மண்டபத்தில் எல்லோரும் புளியோதரை வாங்கிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தார்.

"ஐயா, கடாரங்கொண்டான் கப்பல் எங்க பினாங்குத் துறைமுகத்துக்கு வந்தா, நான் என் மலாய்ப் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாமா? என்னன்னு சொல்லிக் காட்டறது?"

"வென்றவன் பெயரைத்தானம்மா கப்பலுக்கு வைப்பார்கள், தோற்றவன் பெயரையா வைப்பார்கள்?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. "உங்க வீட்ல தீபாவளி இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லாமல் திரும்பி வேறு ஒருவரோடு பேசத் தொடங்கினேன். வந்தவரை, அதுவும் ஒரு பெண்ணை, சபையில் சிறுமைப்படுத்தினேன். அவர் கேட்டது நியாயம் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்ததால்தான் அப்படிச் செய்தேன். தெரியாதிருந்தால் பொறுமையாக விளக்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு என் பழைய குறிப்பேடுகளை எடுத்து, எதை எதையெல்லாம் விட்டேன் என்று பார்த்தேன். ஹொட்டூர் மட்டும் அல்ல. 1771இல் சின்னகுரலியில் ஹைதர் அலியைத் தோற்கடித்த மராட்டியப் படை அடுத்துக் கொள்ளையடித்த ஊர் எங்கள் மேல்கோட்டைதான். அதற்கு நாங்கள் ஒரு விளக்கையும் அணைத்து வைப்பதில்லை. நானும் ஒரு வரி எழுதியதில்லை. மலைமேல் யோக நரசிம்மர் சந்நிதியில் இருக்கும் பெரிய நகரா முரசு திப்பு கொடுத்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். படியேறி வந்த விருந்தினர்களிடம் நான் அதைக் காட்டியதுண்டு, கொடுத்தவன் பெயரைச் சொன்னதில்லை. திப்பு கொன்றதும் கொடுத்ததும் ஒன்றை ஒன்று அழிக்காது. இரண்டையும் சொல்லும் தைரியம் எனக்கு இருக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ராமானுஜர். குருபரம்பரை சொல்வதை நம்பினால், உடையவர் இங்கே வந்தது ஒரு சோழனின் கொடுமைக்குத் தப்பி. சோழருக்கு அஞ்சி வந்தவர்களால் தழைத்த ஊரில் பிறந்த நான், அந்தச் சோழரின் வெற்றியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினேன்.

அந்த அம்மாள் சொன்ன இன்னொரு விஷயமும் உண்டு. மலாய் அரச வரலாறான செஜாரா மெலாயுவில் 'ராஜா சூலன்' என்ற பெயரில் சோழன் வருகிறான். மலாய் அரசர்கள் அவனைத் தங்கள் மூதாதையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். அவன் கடலுக்குள் இறங்கிக் கடலரசன் மகளை மணந்தான் என்கிறது அந்தக் கதை. தாக்க வந்தவனை வம்சத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். இது எங்கள் ஊருக்குப் புரியாத காரியமா? எங்கள் பெருமாள் செல்வப்பிள்ளையைத் தேடி டில்லியிலிருந்து வந்த சுல்தான் மகளைத் துலுக்க நாச்சியாராகப் பெருமாளின் திருவடியிலேயே வைத்துச் சேவிக்கிறவர்கள் நாங்கள். மலாய்க்காரர்கள் சோழனுக்குச் செய்ததையே எங்கள் முன்னோர் டில்லிக்குச் செய்தார்கள். நான் இரண்டு பேரிடமும் கற்றுக்கொள்ளவில்லை.

மீண்டும் கப்பல் பெயர்களுக்கு வருகிறேன். 2025 ஜனவரியில் பிரிட்டன், கட்டிக்கொண்டிருந்த நீர்மூழ்கிக்கு முதலில் அறிவித்த 'அஜின்கோர்ட்' என்ற பெயரை விட்டு 'அக்கிலீஸ்' என்று மாற்றியது. 1415இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை வென்ற களம் அஜின்கோர்ட். இரண்டாம் உலகப்போர் முடிந்த எண்பதாம் ஆண்டுக்கு அக்கிலீஸ் பொருத்தம் என்று கடற்படை காரணம் சொன்னது. பிரான்சின் மனம் கோணாதிருக்கவே மாற்றினார்கள் என்று அங்கே பலர் சண்டை போட்டார்கள். அமெரிக்காவோ பிரிட்டனோடு போரிட்ட யார்க்டவுன், பங்கர் ஹில் பெயர்களைக் கப்பல்களுக்குச் சூட்டியது; நட்பு முறியவில்லை. ஆகவே போர்க்களப் பெயர் எல்லாமே தவறு என்று நான் இப்போது சட்டம் பேச வரவில்லை. தன் விடுதலைக்காகப் போரிட்ட களத்தின் பெயரைச் சுமப்பது வேறு. கடல் கடந்து போய் அடுத்தவன் ஊரைச் சூறையாடிய பெயரைச் சுமந்துகொண்டு அதே துறைமுகத்தில் நங்கூரம் போடுவது வேறு. இது இப்போது என் தீர்ப்பு. எங்கள் அரசின் பெயரைத் தாங்கிய 'மைசூர்' கப்பல்கள் இரண்டு உண்டு, 1957இல் ஒன்று, 1999இல் ஒன்று. எந்தத் துறைமுகத்திலும் யாருக்கும் அந்தப் பெயர் சுட்டிருக்காது.

சோழரின் பெருமையைக் கடலில் மிதக்கவிட எனக்கு வேறு வழியும் தெரிந்திருந்தது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்ப, ராஜராஜன் ஆனைமங்கலத்தை அதற்குத் தானமாக எழுதிக் கொடுத்தான். அந்தச் செப்பேடு ஹாலந்தின் லெய்டனில் போய்ச் சேர்ந்து, அந்த ஊர்ப் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ராஜேந்திரன் கடாரத்தை அடித்து நொறுக்கிய பிறகும் குலோத்துங்கன் காலத்தில் அந்த விகாரத்துக்கு மீண்டும் செப்பேடு கிடைத்தது. 'சூடாமணி' என்று ஒரு கப்பலுக்குப் பெயர் வைக்கச் சொல்லியிருக்கலாம். கெடாப் பிள்ளைகள் ஓடி வந்து பார்த்திருப்பார்கள். நான் அதைச் சொல்லாததற்குக் காரணம், அதற்கு மண்டபம் அதிராது.

2025 ஜூலையில் கங்கைகொண்டசோழபுரத்தில் ராஜேந்திரனின் கடற்பயணத்துக்கு ஆயிரம் ஆண்டு நிறைவு கொண்டாடினார்கள், பிரதமர் வந்தார். தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்குப் பழையபடி மயிர்க்கூச்செறிந்தது. கடாரம் என்ற சொல் வந்ததும் உதடுகள் தாமாக மெய்க்கீர்த்தியைச் சொல்லத் தொடங்கின. அந்த மேடையில் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தால் ஹொட்டூர்க் கல்வெட்டைப் படித்திருப்பேனா? படித்திருப்பேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த அம்மாளின் கெடா முகவரி என்னிடம் இருக்கிறது. இதை அச்சுக்கு அனுப்பும் முன்பே அவருக்கு எழுதியிருக்க வேண்டும். இன்னும் எழுதவில்லை.