அடக்கி வாசித்தல்

ரம்மி ஆடி வளர்ந்தவர்களுக்குப் போக்கரில் ஒரு விஷயம் லேசில் பழகுவதில்லை: நல்ல சீட்டு வந்ததும் பந்தயத்தை உயர்த்துவது. ரம்மியில் ஜோக்கர் இல்லாமலே ரம்மி சேர்ந்துவிட்டால், முகத்தில் எதையும் காட்டாமல் அடுத்த சீட்டுக்குக் காத்திருப்போம். அந்த மௌனத்துக்குச் செலவில்லை.

போக்கரில் உண்டு. நாங்கள் ஆறு நண்பர்கள் வெள்ளி இரவுகளில் டெக்சாஸ் ஹோல்டெம் ஆடுகிறோம். முதல் இரண்டு சீட்டும் ஆஸாக வருவது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான். அப்படி வந்தால் எங்களில் பாதிப் பேர் திடீரென்று சாதுவாகிவிடுவார்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் போட்டுவிட்டு, மற்றவர்களும் உள்ளே வரட்டும் என்று காத்திருப்பார்கள்.

வருவார்கள். சிக்கலே அதுதான். எதிரே ஏதோ இரண்டு சீட்டுடன் ஒருவர் மட்டும் இருந்தால், ஜோடி ஆஸ் கடைசிவரை நின்று ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 85 சதவீதம். மூன்று பேர் என்றால் 64. ஐந்து பேரும் வந்துவிட்டால் 49. பந்தயத்தை உயர்த்தியிருந்தால் எட்டும் ஏழும் வைத்திருப்பவர் சீட்டைக் கீழே போட்டிருப்பார். இப்போதோ மலிவாக மூன்று பொதுச் சீட்டுகளையும் பார்த்துவிடுகிறார். அதில் ஓர் எட்டும் ஓர் ஏழும் விழுந்தால், அவர் கையில் என்ன இருக்கிறதென்று ஊகிக்க ஆஸ்காரருக்கு எந்தத் தடயமும் இல்லை. தன்னை ஒளித்தவருக்கு எதிராளியும் தெரியாமல் போகிறார்.

அடக்கி வாசித்து ஜெயித்தவர்களும் உண்டு. 1988 உலகப் போக்கர் தொடரின் கடைசி ஆட்டத்தில் ஜானி சான் அப்படித்தான் எரிக் சைடலை முழுப் பணத்தையும் நடுவில் தள்ள வைத்தார். 1998இல் வந்த 'ரவுண்டர்ஸ்' படம் அந்தக் காட்சியைப் பிரபலமாக்கியது. பார்த்தவர்கள் இரண்டை மறந்துவிடுகிறார்கள்: சானுக்கு எதிரே இருந்தது ஒரே ஒருவர், அவருடைய ஐந்து சீட்டு வரிசை முதல் மூன்று பொதுச் சீட்டுகளிலேயே சேர்ந்துவிட்டிருந்தது. ஜோடி ஆஸ் அப்படியல்ல. கடைசிவரை வெறும் ஜோடியாகவே நின்றுவிடலாம்.

இந்தக் கணக்கு எனக்குச் சீட்டைவிடத் தொழிலில்தான் அதிகம் நினைவுக்கு வருகிறது. ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில், நம்மவர்கள் பதினைந்து வருட அனுபவத்தை வாய்விட்டுச் சொல்லாமல், கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று பத்திரமாக வைத்திருப்பதைப் பார்க்கிறேன். யாரும் கேட்பதில்லை. அதற்குள் மலிவான விலைக்கு இன்னும் நான்கு பேர் உள்ளே வந்துவிடுகிறார்கள்.