பீலியும் குடமும்

மலையகத்துத் தோட்டங்களிற் பிறந்தோர் பீலியை நன்கறிவர். மலையிடுக்கின் ஊற்றுநீர் குழாய்வழி வந்து ஓரிடத்தில் விழ, லயத்தார் யாவரும் அங்கேயே குடம் நிரப்புவர். மேலே ஒருவர் குழாயைத் திருப்பிவிட்டால் கீழே பத்துக் காம்பிராக்களில் உலை ஏறாது. கணினியிலும் இத்தகைய பீலிகள் உண்டென்பதை, நுவரெலியா மாவட்டத்தில் ஹட்டனை அடுத்த தோட்டமொன்றின் இளைஞன் ஒரு மரணத்தன்றே உணர்ந்தான்.

தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் சந்தாக் கணக்கை அவன் பைதன் மொழியில் நிரலாக்கி, சங்கத்தின் பழைய கணினியில் நிறுவியிருந்தான். அன்றே கொப்பிகள் பெட்டியுள் வைத்துப் பூட்டப்பட்டன. அது சற்று அவசரமான செயல்தான். இரு மாதங்களின் பின், ஆயுள் முழுவதும் கொழுந்தெடுத்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர் காலமானார். உதவிப் பணம் வழங்குமுன் நிலுவை பார்க்கப் பொருளாளர் கணினியை இயக்கினார்.

"தம்பி, கணக்கு தொறக்க மாட்டேங்குது. பொணம் வீட்டுல கெடக்கு."

கொழும்பில் வேலைத்தலத்தில் நின்ற அவனுக்கு, "கொப்பியப் பாத்துக் காசக் குடுத்துடுங்க மாமா" என்பதன்றி வேறு சொல் வரவில்லை. கொப்பியிலோ அவ்விரு மாதச் சந்தா இல்லை. பொருளாளர் தம் நினைவை நம்பியே பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

நேர்ந்தது இதுதான். பலருக்கும் பயன்படுமாறு முன்னரே எழுதப்பட்ட நிரல்களின் தொகுதியை நூலகம் என்பர். ஒரே நூலகத்தைப் பல செயலிகள் பகிர்ந்தால் இடம் மிச்சமாகும். எவரோ வேறொரு செயலியை நிறுவ, அது பொது நூலகத்தைப் புதிய பதிப்பாக மாற்றிவிட்டது. அவனது நிரல் நம்பியிருந்த கூறொன்று புதிய பதிப்பில் நீக்கப்பட்டிருந்தது. 1990களில் விண்டோஸ் கணினிகளில் இதே தொல்லை மலிந்தமையால் அதனை 'டி.எல்.எல். நரகம்' என்றே அழைத்தனர். 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்னும் 11 வரி நிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து மீட்டுக்கொள்ள, உலகெங்கும் எத்தனையோ மென்பொருள்களைக் கட்டியெழுப்பும் பணி தடைப்பட்டது.

விடுமுறையில் வந்தவன், சங்கத்து நிரலுக்கென மெய்நிகர் சூழலொன்றை அமைத்தான். பைதனில் 2012 முதல் இவ்வசதி உடன்வருகிறது. வேண்டிய நூலகங்கள் அதனுள்ளேயே தங்கும். பதிப்பெண்களும் ஒரு கோப்பில் எழுதப்பட்டன. வீட்டுக்கொரு குடம் என்க.

எனினும் குடத்துநீரை மாற்றும் பொறுப்பு குடத்துக்குரியவனையே சாரும். 2021 டிசெம்பரில் 'லாக்4ஜே' நூலகத்தின் பாரிய பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது, திருத்திய பதிப்பு விரைவிலேயே கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு செயலியும் தன்னுள் பொதிந்துவைத்திருந்த பழைய பிரதியைத் தேடிப்பிடிப்பதே பெரும்பாடாயிற்று. ஆதலின் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர்வரும்போதெல்லாம் அவன் அப்பதிப்பெண்களைச் சரிபார்க்கிறான்.

பொருளாளர் சந்தாவைக் கொப்பியிலும் எழுதி வருகிறார். அவன் அதனைத் தடுப்பதில்லை.