பெருந்துறையும் புடாபெஸ்டும்

எங்கள் ஊர் ஆவுடையார்கோவில். திருவாசகம் திருப்பெருந்துறை என்று போற்றுவது இவ்வூரைத்தான். இங்கே கருவறையில் இலிங்கம் இல்லை. ஆவுடையார் மட்டுமே உண்டு. புழுங்கலரிசிச் சோற்றின் ஆவியே இறைவனுக்கு நைவேத்தியம். இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன், திருவாசகத்தைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்தால் விடுவேனா?

சென்ற ஆண்டு நம் கல்லூரிப் பேச்சுப் போட்டியில், 2005இல் வெளிவந்த இளையராஜாவின் ‘திருவாசகம்’ இசைத்தொகுப்பை எடுத்துக்கொண்டேன். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசிக்க, அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் சுவார்ட்ஸ் ஆங்கில வரிகள் எழுத, மாணிக்கவாசகர் கடல் கடந்த கதை அது. பாராட்டோடு வழக்கும் வந்தது. ‘இது சிம்பொனியே அன்று, பக்திப் பாடலும் குரலும் முதன்மை பெறுவதால் ஓரட்டோரியோ’ என்றனர் சிலர். நான் அந்தக் கட்சி. 1742இல் டப்ளினில் அரங்கேறிய ஹாண்டெலின் ‘மெசையா’வைச் சான்று காட்டி வெளுத்து வாங்கினேன். கைதட்டலும் பரிசும் கிடைத்தன.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் பெருமையடித்தேன். நாள்தோறும் அந்தியில் சிவபுராணம் ஓதுபவர் அவர். “அது கெடக்கட்டும்ப்பா, முழுசும் கேட்டியா?” என்றார். சுருக்கென்றது. நான் கேட்டது இரண்டே பாட்டு; அதுவும் பேருந்தில், பாதி பாதியாக.

அன்றிரவு திண்ணையில் கைப்பேசியை வைத்து இருவரும் கேட்டோம். சிவபுராணம் தொடங்கியதும் தாத்தா கையை உயர்த்தினார்.

“நிறுத்து. மொத 24 அடி எங்கே? நம்ம ஊர்ப் பேரு 15ஆவது அடியில வருதுல்ல?”

உண்மைதான். இளையராஜா 25ஆம் அடியில் தொடங்கி, பல பிறவி எடுத்துக் களைத்த உயிரின் புலம்பலுக்கு நேரே போய்விடுகிறார். இந்தக் குறையை எந்த விமரிசனத்திலும் நான் படித்ததில்லை. தாத்தா கண்ணை மூடி, தமக்குப் பழகிய மோகனத்தில், அந்த 24 அடிகளையும் ஓதி முடித்தார்.

“இப்பப் போடு.”

அந்தப் புலம்பலோடு இசைக்குழு எழுந்தபோது, ஓரட்டோரியோ எனக்கு மறந்தே போயிற்று. ஆங்கிலம் வந்த இடத்தில் தாத்தா முகம் சுளித்தார். எனக்கும் அது ஒட்டுப்போட்டது போலத்தான் பட்டது. பாட்டு முடிந்தும் அவர் எழவில்லை.

“இதுக்கு என்னமோ பேரு சொன்னியே?”

“ஓரட்டோரியோ, தாத்தா.”

“இருந்துட்டுப் போவட்டும். இன்னொரு தரம் வையி.”

இம்முறையும் முதல் 24 அடிகளை அவரேதான் ஓதினார்.