நீங்களே சொன்ன சொல்

பேரப்பிள்ளைகளே,

சூலக்கரைப் பக்கத்தில் உள்ள நம் ஊர்ச் சிற்றாலயத்தில் உங்களுக்கு உறுதிபூசுதல் நல்லபடியாக நடந்து முடிந்தது. ஆயரை மேளம் அடித்து அழைத்து வந்தோம், பொன்னாடை போர்த்தினோம், பந்தி போட்டோம். அன்றைய சத்தத்தில் உங்களிடம் பேச வாய்க்கவில்லை. உபதேசியார் எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார். இந்தத் தலை நரைத்தவன் பட்டுத் தெரிந்துகொண்ட சிலதை நான் சொல்கிறேன்.

ஞானஸ்நானத்தின்போது நீங்கள் கைக்குழந்தைகள். குருவானவர் கேட்ட கேள்விகளுக்குப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பதில் சொன்னார்கள். அதே கேள்விகளை இப்போது ஆயர் உங்களிடமே கேட்டார், நீங்களே பதில் சொன்னீர்கள். எந்த வரிசையில் கேட்டார் என்று கவனித்தீர்களா? முதலில் சாத்தானை "விட்டுவிடுகிறேன்" என்று சொன்னீர்கள். அதன் பிறகுதான் "விசுவசிக்கிறேன்" வந்தது. வேண்டாததை வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன் வேண்டியதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. நான் சொல்ல வந்த முதல் பாடம் இதுதான்.

இந்த வட்டாரத்தில் அந்தப் பாடம் உயிர் காக்கும். விடிந்ததும் நம் தெருவுக்குப் பட்டாசுக் கம்பெனி வேன் வருகிறது. உங்களில் பலருடைய அம்மாவும் அண்ணனும் அதில்தான் போகிறார்கள். அந்த வேலைதான் நமக்குச் சோறு போட்டது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்து போனார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் அப்படியே 20 பேருக்கு மேல் இறந்து போனார்கள். இப்படி ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நம் காதில் விழுவது ஒரே பேச்சுதான்: அறைக்குள் அளவுக்கு மேல் ஆள், அளவுக்கு மேல் வெடிமருந்து, உரிமம் ஒருவர் பேரில், நடத்துவது உள்குத்தகைக்காரர், தீபாவளி ஆர்டருக்கு அவசரம். "இந்த அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது" என்று ஒருவர் எழுந்து சொல்ல வேண்டியது அந்த அவசர நேரத்தில்தான். சொன்னால் அன்றைய கூலி போகும் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் அதைத் தனியாகச் சொல்லாதீர்கள், சேர்ந்து சொல்லுங்கள் என்கிறேன்.

பதினெட்டு வயது ஆகாத யாரையும் அபாயகரமான தொழிலில் வைக்கக் கூடாது என்று 2016இல் திருத்திய சட்டம் சொல்கிறது. லீவில் நாலு காசு சம்பாதிக்கலாம் என்று யாராவது கூப்பிட்டால், "விட்டுவிடுகிறேன்" என்று ஆயரிடம் சொன்ன அதே வாயால் "வரவில்லை" என்று சொல்லுங்கள்.

அடுத்தது, உங்கள் தோளில் இருந்த கை. ஆயர் நெற்றியில் தைலம் பூசும்போது பின்னால் ஒருவர் உங்கள் தோளில் வலக்கையை வைத்து நின்றார். பதினாறு வயது நிறைந்தவராக, தாமும் உறுதிபூசுதல் பெற்றவராக அவர் இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். பெற்ற தாயோ தகப்பனோ அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இதில் பெரிய அனுபவ ஞானம் இருக்கிறது. வீட்டில் வாய் திறந்து சொல்ல முடியாத நாள் எல்லோருக்கும் வரும். பரீட்சையில் தவறியிருப்பீர்கள், யாரிடமோ மனசைக் கொடுத்திருப்பீர்கள், கூடாத சேர்க்கையில் மாட்டியிருப்பீர்கள். அன்றைக்குப் போய் உட்கார வீட்டுக்கு வெளியே ஒரு திண்ணை வேண்டும். நாமோ பரிசாக மோதிரம் போடுகிற மாமா யார் என்று பார்த்துத்தான் அந்த ஆளைத் தேடுகிறோம்.

அப்படி ஒரு கை கிடைத்த நட்டாலத்துத் தேவசகாயத்தை நினைத்துப் பாருங்கள். திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர். மாடும் உடைமையும் போய் மனம் ஒடிந்திருந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்டு அதே அரசில் வேலை பார்த்த டச்சுப் படை அதிகாரி டிலனாய் அவரிடம் யோபுவின் கதையைச் சொன்னதாக நம் பெரியவர்கள் சொல்வார்கள். நாடு வேறு, மொழி வேறு, ஆனாலும் தோளில் கை வைத்தது அந்த அந்நியர்தான். தேவசகாயம் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். சிறையும் சித்திரவதையும் அனுபவித்து 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அவர் குருவானவரோ துறவியோ இல்லை, மனைவியோடு குடும்பம் நடத்திய மனிதர். உறுதிபூசுதலில் பெறுகிற திடம் என்ற வரம் சாமியார்களுக்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை என்பதற்கு அவரே சாட்சி.

சாதி வித்தியாசம் பாராமல் எல்லோரோடும் பழகியதும் அவர் மீது சிலருக்கு இருந்த கோபத்துக்கு ஒரு காரணம். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் எழுந்த கோவிலுக்குள் சாதி பார்த்துத் தடுப்பு எழுப்பினார்கள். அதை 1910இல்தான் இடித்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் இன்னமும் பிரிவு பார்க்கிற ஊர்கள் உண்டு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

உங்கள் நெற்றியில் பட்ட கிறிஸ்மா தைலம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒலிவ எண்ணெயில் நறுமணத் தைலம் கலந்து, புனித வாரத்தில் குருக்கள் எல்லோரும் கூடிய திருப்பலியில் ஆயர் அதை மந்திரிப்பார். அங்கிருந்து சின்னச் சின்னக் குப்பிகளில் எல்லாப் பங்குகளுக்கும் போகும். குருப்பட்டத்தின்போது கைகளில் பூசுவதும் அதே தைலம்தான். வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்றவன் எந்தத் தெரு என்று ஆயரின் கட்டைவிரல் கேட்கவில்லை. தெற்கு மாவட்டப் பள்ளிக்கூடங்களில் சில பையன்கள் கையில் நிறக் கயிறு கட்டிச் சாதியைக் காட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கயிறு உங்கள் கையில் இருந்தால் இன்றைக்கே அறுத்துப் போடுங்கள்.

எங்கள் காலத்தில் தைலம் பூசியதும் ஆயர் கன்னத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார். விசுவாசத்துக்காக அடியும் தாங்கப் பழகு என்று அதற்கு அர்த்தம். 1971இல் வந்த புதிய சடங்குமுறையில் அதை எடுத்துவிட்டார்கள். ஆயர் தட்டாவிட்டாலும் வாழ்க்கை தட்டும். கடன் தட்டும், வியாதி தட்டும், கூட இருந்தவர்களே தட்டுவார்கள். ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி, தெய்வபயம் என்று ஏழு வரங்களை வாய்ப்பாடாக ஒப்பித்தீர்களே, அவை அலமாரியில் வைக்கிற சான்றிதழ் இல்லை. அப்படி அடி விழுகிற நாளில் எடுத்துச் செலவழிக்கக் கொடுத்தவை.

கடைசியாக ஒன்று. உறுதிபூசுதல் முடிந்ததும் பிள்ளைகள் மறைக்கல்விக்கு முழுக்குப் போடுகிறார்கள். இரண்டு வருஷத்தில் கோவில் பக்கமே காணோம். பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறுவது போல நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நீங்கள் அன்றைக்குத்தான் உள்ளே நுழைந்தீர்கள். உங்களோடு வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இந்து, முஸ்லிம் சிநேகிதர்களுக்கும் ஒன்று பொருந்தும். தன் வாயால் ஒரு சொல்லைக் கொடுத்தவன் அதைக் காப்பாற்ற வேண்டும் என்பது எல்லா மதத்துக்கும் பொது.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும், தோளில் கை வைத்தவரின் வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு வாருங்கள். இன்னும் சில வருஷத்தில் உங்களுக்கும் பதினாறு நிறையும். அப்போது யாராவது ஒரு பிள்ளை உங்களை வந்து கேட்கும். மோதிரம் வாங்கப் பணம் இல்லையே என்று பின்வாங்காதீர்கள். போய் நில்லுங்கள், கையை வையுங்கள், அதன் பிறகு அந்தப் பிள்ளையைக் கைவிடாதீர்கள்.