நாய்ச் சட்டி சொல்லும் வானிலை அறிக்கை: ஊட்டி உறைபனியில் ஒரு நர்ஸ் அக்காவின் காலைக் கணக்கு

காலை 5.40. தலைக்குந்தாவில் என் பெரியம்மா மகள் வீட்டு வாசல். ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜெர்கின், தலையில் குல்லா, கழுத்தில் மப்ளர் என்று நின்றும் என் பல் தந்தியடிக்கிறது. அக்கா நைட்டி மேல் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு, செல்போன் டார்ச்சைப் பிடித்தபடி குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பார்ப்பது ஸ்கூட்டரை அல்ல, நாய்க்குத் தண்ணீர் வைக்கும் அலுமினியச் சட்டியை.

சட்டியில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினாள். மேலே படிந்திருந்த பனிக்கட்டி அப்பளம் போல 'டக்'கென்று உடைந்தது.

"போலாம். ஆனா வெயில் வந்த பிறகு. பாப்பா பஸ்ல."

அவ்வளவுதான். அன்றைய வானிலை அறிக்கை முடிந்தது.

நான் ஊட்டிக்குப் போனது வேறு வேலையாக. ஒவ்வொரு ஜனவரியிலும் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரே போட்டோதான் போடுவோம். வெள்ளைக் கம்பளம் விரித்த புல்வெளி, காரின் மேல் படிந்த பனியில் விரலால் வரைந்த ஹார்ட்டின், கீழே 'மினி காஷ்மீரான ஊட்டி' என்று ஒரு வரி. இந்த முறை ஃபைல் போட்டோ வேண்டாம், நீயே போய் எடுத்து வா என்றார்கள். அக்கா வீடு இருக்கும் தைரியத்தில் கிளம்பினேன். அங்கே போன பிறகுதான், அந்தப் போட்டோவின் ஓரத்தில் பனி மூடிய சீட்டோடு எப்போதும் ஒரு டூவீலர் நிற்பது நினைவுக்கு வந்தது. அந்த வண்டி யாருடையது, அவர் அன்று வேலைக்குப் போனாரா என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

அக்கா ஊட்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். காலை 7.30 மணி ஷிஃப்ட். வீட்டிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். ஸ்கூட்டர் என்றால் இருபது நிமிடம். பஸ் என்றால் ஸ்டாப் வரை நடை, காத்திருப்பு, இறங்கி மறுபடி நடை என்று ஒரு மணி நேரம் போய்விடும். மாமா கேரட் லோடு ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறார். நள்ளிரவிலேயே மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்பிவிடுவார். ஆக, பாப்பாவை ஸ்கூலுக்கு அனுப்புவதும் வண்டியா பஸ்ஸா என்று முடிவெடுப்பதும் அக்காவின் பொறுப்பு.

"லேட்டா போனா சம்பளத்தைப் பிடிப்பாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"அதை விடுடா. நைட் டியூட்டி பார்த்த பொண்ணு நான் போற வரைக்கும் வார்டை விட்டு நகர முடியாது. அவளுக்கு வீட்ல ஒன்றரை வயசுக் குழந்தை. நான் அரை மணி நேரம் லேட்டானா, அவ அரை மணி நேரம் லேட்டு."

இது சீக்கிரம் கிளம்பச் சொல்லும் காரணம். கிளம்பாதே என்று சொல்லும் காரணம் அக்காவின் வலது மணிக்கட்டில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே பனி சீசனில் விழுந்து, பிளேட் வைத்து, ஆறு வாரம் வீட்டில் இருந்திருக்கிறாள். அப்போது பின்னால் பாப்பா இல்லை. 'இல்லை' என்று சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் கொஞ்சம் இறங்குகிறது.

நாம் சமவெளியில் 'பனி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நீலகிரியில் நீர்ப்பனி வேறு, உறைபனி வேறு. மழைக்காலம் ஓயும்போது புல்லை நனைப்பது நீர்ப்பனி. பிறகு பிப்ரவரி வரை, வானம் தெளிந்த இரவுகளில் விழுவது உறைபனி. விழுகிறது என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, அது வானத்திலிருந்து விழுவதில்லை. பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவில் மேலே விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் போர்வை போல அந்தச் சூட்டைத் தடுத்துக் கீழேயே வைத்திருக்கும். மேகமும் இல்லை, காற்றும் இல்லை என்றால் புல் நுனி பூஜ்ஜியத்துக்குக் கீழே போய், அதைத் தொடும் ஈரம் அங்கேயே வெள்ளையாக உறைந்துவிடும்.

அதனால்தான் அக்கா முந்தின இரவே வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறாள். நட்சத்திரம் கொட்டிக் கிடந்து, சவுக்கு இலை கூட அசையவில்லை என்றால் சாக்கை எடுத்து ஸ்கூட்டர் சீட்டை மூடிவிடுவாள். தேயிலைத் தோட்டக்காரர்கள் தாகைச் செடியை வெட்டி வந்து இளங்கொழுந்துகளை மூடி வைப்பதும் இதே கணக்கில்தான்.

என் போனில் இருந்த வெதர் ஆப் அன்று காலை 4 டிகிரி என்று காட்டியது. "நாலு டிகிரில தண்ணி எப்படிக்கா உறையும்?" என்று படித்த பிள்ளையாகக் கேட்டேன். அக்கா சட்டியைக் காலால் என் பக்கம் நகர்த்தினாள். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வெப்பநிலையைத் தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில், நிழலான பெட்டிக்குள் வைத்து அளக்கிறார்கள். தரையை ஒட்டிய குளிர் அதைவிட அதிகம். குளிர்ந்த காற்று கனமானது என்பதால், தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். 2,637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டா சும்மா நின்றுகொண்டிருக்க, அதைவிடத் தாழ்வான தலைக்குந்தா, காந்தல் புல்வெளிகள் வெளுத்துப்போவதன் ரகசியம் இதுதான். ஆப் சொல்வது ஊருக்கான கணக்கு, சட்டி சொல்வது வாசலுக்கான கணக்கு.

சட்டிக்கு மூன்று தீர்ப்பு உண்டு. தண்ணீர் தண்ணீராகவே இருந்தால் பாப்பாவோடு ஸ்கூட்டர். விரலுக்கு உடைந்தால் வெயில் ஏறிய பிறகு அக்கா மட்டும் ஸ்கூட்டர். விரலுக்கு உடையாமல் கரண்டி கேட்டால் ரெண்டு பேரும் பஸ்.

ஜனவரியில் இங்கே சூரியன் உதிக்க ஆறே முக்கால் ஆகிவிடும். அதன் பிறகு அக்கா கிளம்புவதைப் பார்ப்பது தனி அனுபவம். சாக்கை எடுத்து உதறுவாள். சுவிட்சை அமுக்காமல் முதலில் கிக்கர். "குளிர்ல பேட்டரி சோம்பேறி ஆயிடும்" என்பாள். வண்டியை அப்படியே உறுமவிட்டு உள்ளே போய், முந்தாநாள் பேப்பரை நாலாக மடித்து ஸ்வெட்டருக்கும் ஜெர்கினுக்கும் நடுவில் செருகிக்கொள்வாள். நெஞ்சில் காற்று இறங்காது. ஊட்டியில் அச்சுப் பத்திரிகைக்கு இன்னும் எதிர்காலம் இருக்கிறது!

கைக்கு ரெண்டு அடுக்கு. உள்ளே மருத்துவமனை ரப்பர் கிளவுஸ், மேலே கம்பளி. சிரிப்பு வந்தாலும் விஷயம் சீரியஸானது. காற்று 2 டிகிரியில் இருக்கும்போது 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 5 போலத் தெரியும். விரல் மரத்துப்போனால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. ஹெல்மெட் கண்ணாடியை விரல் அளவு திறந்து வைக்கிறாள். முழுக்க மூடினால் மூச்சுக்காற்றே ஆவியாகப் படிந்து பார்வையை மறைத்துவிடும்.

மூன்றாம் நாள் சட்டி கரண்டி கேட்டது. நானே கொடுத்தேன். அக்கா நைட் டியூட்டி பெண்ணுக்கு போன் போட்டு, "இருபது நிமிஷம் லேட்டாகும்மா, மன்னிச்சுக்கோ" என்றாள். பாப்பாவை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். போகும்போது என்னிடம் சாவியைக் கொடுத்து, "மத்தியானம் டவுனுக்கு வர்றப்ப வண்டியை எடுத்துட்டு வா. ஒன்பது மணிக்கு முன்னாடி தொடாதே" என்றாள்.

7.50-க்கு டெஸ்க்கிலிருந்து மெசேஜ். பனி உருகும் முன் செங்குத்து வீடியோ ஒன்று வேண்டுமாம். வெளியே பார்த்தேன். பளீரென்று வெயில். கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது. உருகத் தொடங்கிவிட்டதே, இனி என்ன பயம்?

புல்வெளியில் வீடியோ எடுத்தது பிரச்னை இல்லாமல் முடிந்தது. ரோட்டின் நடுவில் நின்று செல்ஃபி எடுத்த டூரிஸ்ட்டுகளுக்கு ஹாரன் அடித்து, நானே உள்ளூர்க்காரன் மாதிரி முறைத்துவிட்டு ஊட்டிப் பக்கம் திரும்பினேன். இந்து நகரைத் தாண்டவில்லை. ஒரு காலத்தில் இந்தியாவுக்கே ஃபிலிம் ரோல் செய்து தந்த தொழிற்சாலை இருந்த பகுதி அது. அதற்கு முன்பாகவே, கற்பூர மரங்கள் ரோட்டை மூடி நிற்கும் ஒரு வளைவு. வெயில் அங்கே எட்டவில்லை. ரோடு கறுப்பாக, சும்மா நனைந்த மாதிரிதான் இருந்தது. வேகம் இருபதைத் தாண்டியிருக்காது. வளைவில் பதற்றத்தில் ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன்.

நான் விழுந்தேன் என்பது தெரிவதற்குள் விழுந்து முடித்திருந்தேன். முன் சக்கரம் தன் இஷ்டத்துக்கு விலகியது. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எதிரே வந்த பால் வண்டிக்காரர் தூரத்திலேயே நிறுத்திவிட்டார். அது மட்டும் இல்லையென்றால் இந்தக் கட்டுரை இல்லை. அவர் இறங்கி வந்து என்னைத் தூக்கிவிட்டு, செருப்பு நுனியால் ரோட்டைத் தேய்த்துக் காட்டினார். கண்ணாடித் தாள் மாதிரி ஒரு படலம். "கழுவின கேரட்டு லோடு நைட்ல சொட்டிக்கிட்டே போகும் தம்பி. நிழல்ல அது அப்படியே நிக்கும். வெள்ளையா இருந்தா கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது."

உறைந்த பனியைவிட, உருகத் தொடங்கி மேலே மெல்லிய நீர்ப்படலம் நிற்கும் பனிக்கட்டிதான் அதிகம் வழுக்கும். நான் 'இனி பயமில்லை' என்று நினைத்த நேரமும், வண்டியைத் தொடாதே என்று அக்கா சொன்ன நேரமும் ஒன்றுதான். அவள் ஒன்பது மணி என்றது கடிகாரத்தைப் பார்த்து இல்லை. அந்த வளைவில் வெயில் விழும் நேரத்தை வைத்து.

பேன்ட் முட்டி கிழிந்தது. முட்டியும்தான். இடது பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டது. மருத்துவமனைக்கு வண்டியைத் தள்ளாத குறையாக ஓட்டிப் போனேன். அக்கா வெளியே வந்து என் முட்டியைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். திட்டவில்லை.

"பிரேக் பிடிச்சியா?"

"ம்."

"நானும் அன்னிக்குப் பிடிச்சேன்" என்றபடி பஞ்சையும் மருந்தையும் எடுக்க உள்ளே போனாள்.

வீடியோ அன்று மாலையே வெளியானது. 'மினி காஷ்மீரான ஊட்டி' என்ற வரியோடுதான். கமென்ட்டில் ஒருவர், "அடுத்த வாரம் பைக்ல கிளம்புறோம் மச்சி" என்று நண்பரை டேக் செய்திருந்தார். கிளவுஸ் எடுத்து வாருங்கள், நிழல் வளைவில் பிரேக் பிடிக்காதீர்கள், விடிந்ததும் கிளம்பாதீர்கள் என்று பதில் போட்டேன். அதற்கு ஒரு சிரிப்பு எமோஜி வந்தது.

இரவு அக்கா சட்டியில் புதுத் தண்ணீர் ஊற்றி வைத்தாள். நானும் போய் அண்ணாந்து பார்த்தேன். மேற்கே மேகம் சேர்ந்திருந்தது. மறுநாள் காலை தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. பாப்பா ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்து, "மாமா, நீங்க பஸ்ஸா?" என்று கேட்டாள்.

"பஸ்தான்" என்றேன். முட்டி மடங்கவில்லை.